ஆங்கிலேய நிறுமச் சட்டத்தின் வரலாறும் தாக்கமும்

ஆங்கிலேய நிறுமச் சட்டம் என்பது நிறுமங்களை அமைப்பது, நடத்துவது, கலைப்பது ஆகியவற்றை முறைப்படுத்த இங்கிலாந்தில் உருவாகி, பின்னர் ஐக்கிய இராச்சியம் முழுவதற்கும் விரிந்த சட்டத் தொகுதியாகும். தமிழ்நாட்டு வணிகவியல் பாடநூல்கள் நிறுமம் என்று குறிப்பிடுவதையே இலங்கையில் கம்பனி என்றும் பொதுப் பேச்சில் கம்பெனி என்றும் சொல்கிறோம். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா முதலிய நாடுகளின் நிறுமச் சட்டங்கள் இதன் வழி வந்தவை. கடைப் பலகையில் நாம் அன்றாடம் காணும் 'லிமிடெட்' என்ற சொல்லும் 1855-56ஆம் ஆண்டுகளின் ஆங்கிலச் சட்டங்கள் வழியாகவே நம்மிடம் வந்தது.

இந்தச் சட்டத்தின் நெடிய வரலாற்றை ஒரே கேள்வியைக் கைப்பிடியாகக் கொண்டு பின்தொடரலாம். ஒரு நிறுமம் மூழ்கும்போது இழப்பு யார் தலையில் விழ வேண்டும்? பணம் போட்டவர் மீதா, நடத்தியவர் மீதா, கடனுக்குச் சரக்குக் கொடுத்தவர் மீதா, கூலிக்கு உழைத்தவர் மீதா? ஒவ்வொரு காலமும் இதற்கு ஒவ்வொரு விடை சொல்லியிருக்கிறது. அவற்றுள் பல, ஒரு பெரிய வீழ்ச்சி நடந்து முடிந்த பிறகே சொல்லப்பட்டவை.

பட்டயங்களின் காலம்

தொடக்கத்தில் வணிகக் குழு ஒன்று தனி அமைப்பாக இயங்க அரசரின் பட்டயமோ நாடாளுமன்றத்தின் தனிச்சட்டமோ தேவைப்பட்டது. ரஷ்யாவுடன் வணிகம் செய்த மஸ்கோவி கம்பெனி 1555-இல் பட்டயம் பெற்றது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு முதலாம் எலிசபெத் அரசி 1600 டிசம்பர் 31 அன்று பட்டயம் வழங்கினார். அக்காலத்தில் அது இன்றைய பொருளில் ஒரு நிறுமமாக இல்லை. ஒவ்வொரு கடற்பயணத்துக்கும் தனியாகப் பணம் திரட்டி, கப்பல் திரும்பியதும் முதலையும் இலாபத்தையும் பிரித்துக்கொண்டார்கள். முதலைத் திருப்பித் தராமல் நிலையாக வைத்துக்கொள்ளும் வழக்கம் 1657-இல்தான் உறுதிப்பட்டது.

அமைப்பு வேறு, அதன் உறுப்பினர்கள் வேறு என்ற கருத்து இதற்கு முன்பே சட்டத்தில் வேர்விட்டிருந்தது. 1612-இல் தீர்க்கப்பட்ட சட்டன் மருத்துவமனை வழக்கில், பட்டயம் பெற்ற அமைப்பு கண்ணுக்குத் தெரியாதது, சட்டத்தின் பார்வையில் மட்டுமே இருப்பது, ஆகவே அதற்கு இறப்பில்லை என்ற கருத்தை நீதிபதி எட்வர்டு கோக் விளக்கினார். திருச்சபைகளுக்கும் நகர மன்றங்களுக்கும் கல்லூரிகளுக்கும் பயன்பட்ட இந்தக் கருத்தை வணிகர்கள் பின்னர் தங்களுக்கும் ஆக்கிக்கொண்டார்கள்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் முடிவைப் பற்றி ஒன்றை இங்கேயே சொல்லிவிடலாம். 1833ஆம் ஆண்டுச் சட்டம் அதன் வணிகத்தை நிறுத்தியது. ஆனால் பங்குதாரர்களுக்கு ஆண்டுக்குப் பத்தரை விழுக்காடு பங்காதாயம் தொடர்ந்து தரவேண்டும் என்றும் அதை இந்திய வருவாயிலிருந்து எடுக்க வேண்டும் என்றும் அதே சட்டம் விதித்தது. 1858-இல் ஆட்சியும் கைவிட்டுப் போன பிறகுகூடப் பங்காதாயம் நிற்கவில்லை. கம்பெனி 1874-இல்தான் கலைக்கப்பட்டது. லண்டன் பங்குதாரருக்கான வருமானத்தைத் தஞ்சாவூர் உழவரின் நிலவரியும் சேர்ந்து சுமந்தது என்பதே இதன் பொருள்.

1720: தென்கடல் குமிழி

1711-இல் தொடங்கப்பட்ட தென்கடல் கம்பெனிக்கு ஸ்பானிய அமெரிக்காவுடன் வணிகம் செய்யும் தனியுரிமை தரப்பட்டது. வணிகத்தில் கிடைத்தது சொற்பம். 1720-இல் அரசின் கடன்பத்திரங்களைத் தன் பங்குகளாக மாற்றித்தரும் திட்டத்தை அது கையிலெடுத்தபோது பங்கு விலை ஏறத் தொடங்கியது. சனவரியில் சுமார் 130 பவுண்டாக இருந்த பங்கு, கோடையில் 1,000 பவுண்டை நெருங்கியது. ஆண்டு முடிவதற்குள் 200-க்கும் கீழே சரிந்தது. அறிவியலாளர் ஐசக் நியூட்டனும் இதில் பணம் இழந்தவர்களில் ஒருவர். நிதியமைச்சர் ஜான் எய்சுலபி நாடாளுமன்றத்திலிருந்து வெளியேற்றப்பட்டு லண்டன் கோபுரத்தில் சிறை வைக்கப்பட்டார்.

மாணவர்கள் வழக்கமாகக் குழம்பும் இடம் ஒன்று இங்கே உண்டு. 'குமிழிச் சட்டம்' என்ற பெயரைக் கேட்டதும், குமிழி உடைந்த பிறகு மக்களைக் காக்க வந்த சட்டம் என்று எண்ணிவிடுகிறார்கள். அச்சட்டத்துக்கு அரச ஒப்புதல் கிடைத்தது 1720 சூனில். அப்போது விலை ஏறிக்கொண்டிருந்தது. பட்டயமில்லாத போட்டிக் குழுக்கள் சந்தைப் பணத்தை இழுத்துவிடாமல் தடுக்கத் தென்கடல் கம்பெனியின் ஆதரவாளர்களே அதை முன்னின்று நிறைவேற்றினார்கள். பட்டயம் இல்லாமல் மாற்றத்தக்க பங்குகளை வெளியிடுவதை அது தடைசெய்தது. 1825 வரை இது நடைமுறையில் இருந்தது.

நூறாண்டுக்கு மேல் நீடித்த இந்தத் தடையை வழக்கறிஞர்கள் சுற்றிச் சென்றார்கள். பலர் சேர்ந்து ஓர் உடன்படிக்கைப் பத்திரம் எழுதி, சொத்துகளை அறங்காவலர் பெயரில் வைத்து, நிறுமம் போலவே நடத்தினார்கள். சட்டத்தின் கண்ணில் அது கூட்டாண்மைதான். நூற்றுக்கணக்கான கூட்டாளிகள் இருக்கும்போது யார் மீது வழக்குப் போடுவது என்பதே கடன் கொடுத்தவருக்குத் தெரியாது. மறுபுறம், ஒவ்வொரு கூட்டாளியும் தன் வீடு, நிலம், கடைசிக் காசு வரை கடனுக்குப் பொறுப்பாளி. ஆக, இரு தரப்புக்கும் பாதுகாப்பில்லை.

1844 முதல் 1862 வரை

இன்றைய நிறுமச் சட்டத்தின் அடித்தளம் இந்தப் பதினெட்டு ஆண்டுகளில் போடப்பட்டது. வணிக வாரியத்தின் தலைவராக இருந்த கிளாட்ஸ்டன், போலிக் காப்பீட்டுக் குழுக்களின் மோசடிகளை ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை தாங்கினார். அதன் விளைவாக வந்தது 1844ஆம் ஆண்டின் கூட்டுப் பங்கு நிறுமச் சட்டம். இனி அரசரிடம் பட்டயம் கேட்டு நிற்க வேண்டியதில்லை. பதிவாளரிடம் ஆவணங்களைக் கொடுத்துப் பதிவு செய்தால் போதும். 25 பேருக்கு மேற்பட்ட குழுக்கள் பதிவு செய்தே ஆகவேண்டும். இருப்புநிலைக் குறிப்பு தணிக்கை செய்யப்பட வேண்டும். கிளாட்ஸ்டனின் எண்ணம் எளிமையானது: வெளிச்சம் பட்டால் மோசடி குறையும்.

ஆனால் அச்சட்டம் பங்குதாரரின் பொறுப்பை வரையறுக்கவில்லை. அதுபற்றிப் பத்தாண்டு காலம் கடும் விவாதம் நடந்தது. கடனைத் தீர்ப்பது அறநெறி; அதிலிருந்து ஒருவரைச் சட்டமே விடுவிப்பது ஊதாரித்தனத்துக்கு வழிவகுக்கும் என்றனர் ஒரு சாரார். மான்செஸ்டர் வணிகர் பலர் இந்தப் பக்கம் நின்றார்கள். 1854-இல் அறிக்கை அளித்த அரச ஆணையத்தின் பெரும்பான்மையும் மாற்றத்தை எதிர்த்தது. மறுபக்கத்தில் ஜான் ஸ்டூவர்ட் மில் போன்றோர், சிறுசேமிப்பு வைத்திருக்கும் உழைப்பாளியும் அச்சமின்றி முதலீடு செய்ய இதுவே வழி என்று வாதிட்டனர்.

ஆணையத்தின் கருத்தை மீறியே 1855-இல் வரையறுத்த பொறுப்புச் சட்டம் வந்தது. மறு ஆண்டே ராபர்ட் லோ கொண்டுவந்த 1856ஆம் ஆண்டுச் சட்டம் அதை விழுங்கிவிட்டது. ஏழு பேர் ஓர் அமைப்பு முறையேட்டில் கையெழுத்திட்டுப் பதிவு செய்தால் நிறுமம் பிறந்துவிடும். பங்கின் முகமதிப்பில் செலுத்தாமல் மீதமிருக்கும் தொகைக்கு மட்டுமே பங்குதாரர் பொறுப்பு. இதற்கு ஈடாகக் கேட்கப்பட்டது ஒன்றுதான்: பெயரின் கடைசியில் 'லிமிடெட்' என்று எழுத வேண்டும். அது பெருமைக்காக வைத்த பட்டமில்லை. 'எங்களோடு கணக்கு வைத்துக்கொள்பவர் எச்சரிக்கையாக இருங்கள், எங்கள் பொறுப்புக்கு எல்லை உண்டு' என்று கடன் கொடுப்பவருக்குச் சொல்லும் அறிவிப்பு.

1844-இன் கட்டாயத் தணிக்கை 1856-இல் கைவிடப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பொறுப்பு சுருங்கிய அதே நேரத்தில் வெளிச்சமும் சுருங்கியது. அந்தத் தணிக்கை மீண்டும் கட்டாயமாக 1900 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. லோவின் தாராளக் கொள்கையைப் பாராட்டி எழுதுபவர்கள் இதை எளிதில் கடந்துபோவது சரியாகப் படவில்லை.

வங்கிகளுக்கு 1858-இலும் காப்பீட்டு நிறுமங்களுக்கு 1862-இலும் இந்தச் சலுகை கிடைத்தது. 1862ஆம் ஆண்டு நிறுமச் சட்டம் அனைத்தையும் ஒரே தொகுப்பாக்கியது. குடியேற்ற நாடுகளுக்கு மாதிரியாகச் சென்றது பெரும்பாலும் இந்தத் தொகுப்பே. இந்த எண்ணத்தை உலகில் முதன்முதலில் சட்டமாக்கியது இங்கிலாந்து அல்ல. நியூயார்க் மாநிலம் 1811-லேயே உற்பத்தித் தொழில்களுக்கு எளிய பதிவு முறையைக் கொண்டுவந்திருந்தது. ஆனால் இங்கிலாந்தின் சட்டம் கப்பலேறி உலகெங்கும் சென்றது.

இரண்டு வங்கிகளின் வீழ்ச்சி

வரையறுத்த பொறுப்பு என்றால் என்ன என்பதை இங்கிலாந்து மக்கள் சட்ட நூல்களில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. இரண்டு வீழ்ச்சிகள் கற்றுக்கொடுத்தன.

ஓவரெண்ட் கர்னி என்ற லண்டன் நிதி நிறுவனம் 1865-இல் லிமிடெட் நிறுமமாக மாறிப் பங்குகளை விற்றது. பங்கின் முகமதிப்பு 50 பவுண்டு; உடனடியாகக் கட்ட வேண்டியது 15 பவுண்டு. உள்ளே ஏற்கெனவே பெரும் நட்டம் இருந்தது வாங்கியவர்களுக்குத் தெரியாது. 1866 மே 10 அன்று கதவை மூடியது. 15 பவுண்டோடு போயிற்று என்று நினைத்தவர்களுக்கு, செலுத்தப்படாத மீதிக்கும் தாங்கள் பொறுப்பு என்பது அப்போதுதான் உறைத்தது. இயக்குநர்கள் மீது தொடுக்கப்பட்ட மோசடி வழக்கு 1869-இல் விடுதலையில் முடிந்தது.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர வங்கி இதற்கு நேர்மாறு. அது பொறுப்பு வரையறுக்கப்படாத நிறுமம். போலிக் கணக்குகளால் மறைக்கப்பட்ட பெரும் கடன்களோடு 1878 அக்டோபரில் முறிந்தது. 100 பவுண்டு பங்குமுதல் வைத்திருந்தவரிடம் முதலில் 500 பவுண்டும் பிறகு 2,250 பவுண்டும் கேட்கப்பட்டது. 1,819 பங்குதாரர்களில் 254 பேர் மட்டுமே நொடித்துப் போகாமல் தப்பினர். பங்குகளைப் பிறருக்காகத் தங்கள் பெயரில் வைத்திருந்த அறங்காவலர்களும் தப்பவில்லை; மியூர் வழக்கில் அவர்கள் சொந்தச் சொத்திலிருந்தே கட்ட வேண்டும் என்று பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது. பங்கு வைத்திருந்தவர்களில் பெரும்பாலோர் வங்கியை நடத்தியவர்கள் அல்லர். ஆண்டுக்கொரு முறை பங்காதாயம் வாங்கியவர்கள். இயக்குநர்கள் இம்முறை சிறைக்குச் சென்றார்கள். 1879-இல் புதிய சட்டம் வந்தது. வரையறையற்ற வங்கிகள் வரையறுத்தவையாக மாறிக்கொண்டன. கிளாஸ்கோவுக்குப் பிறகு வரையறுத்த பொறுப்பை ஒழுக்கக்கேடு என்று பேசுவோர் குரல் அடங்கியது.

சாலமன் வழக்கு

நிறுமச் சட்டம் படிக்கும் எந்த மாணவரும் முதலில் சந்திக்கும் வழக்கு இது. ஏரன் சாலமன் கிழக்கு லண்டனில் ஒயிட்சாப்பல் பகுதியில் தோல் காலணிகள் செய்து விற்றவர். 1892-இல் தன் தொழிலை ஒரு லிமிடெட் நிறுமமாக்கினார். சட்டம் கேட்ட ஏழு உறுப்பினர்கள் அவரும் மனைவியும் ஐந்து பிள்ளைகளும். மொத்தம் 20,007 பங்குகள். குடும்பத்தார் ஆறு பேருக்கும் ஆளுக்கொன்று. மீதி 20,001 அவருடையது. தொழிலை நிறுமத்துக்கு விற்றதற்கு விலையின் ஒரு பகுதியாக 10,000 பவுண்டுக்கான கடனீட்டுப் பத்திரங்களையும் பெற்றுக்கொண்டார். நிறுமத்தின் சொத்து முழுவதும் அவருக்கே ஈடு என்பது இதன் பொருள். பங்குதாரரும் அவரே, முதல் கடனீந்தோரும் அவரே.

காலணித் தொழிலில் வேலைநிறுத்தங்கள் வந்தன. அரசு ஒப்பந்தங்கள் குறைந்தன. சாலமன் தன் கடனீட்டுப் பத்திரங்களை அடகு வைத்து பிராடெரிப் என்பவரிடம் 5,000 பவுண்டு வாங்கி நிறுமத்துக்குக் கொடுத்துப் பார்த்தார். பயனில்லை. 1893-இல் நிறுமம் கலைப்புக்குச் சென்றது. பிராடெரிப்புக்குக் கொடுத்தது போக எஞ்சிய சிறுதொகையையும் கடனீட்டுப் பத்திரத்தின் பேரில் சாலமன் கோரினார். தோலும் சரக்கும் கடனாகக் கொடுத்திருந்த ஈடில்லாக் கடனீந்தோருக்குச் சுமார் 7,700 பவுண்டு பாக்கி. அவர்களுக்கு ஒரு காசும் மிஞ்சாது.

இது வெறும் கண்துடைப்பு என்றது முதல் நீதிமன்றம். நிறுமம் சாலமனின் முகவர்தான், ஆகவே கடனை அவர் தீர்க்க வேண்டும் என்றது. மேல்முறையீட்டு நீதிமன்றம் வேறு காரணம் சொல்லி அதே முடிவுக்கு வந்தது. ஆறு பொம்மை உறுப்பினர்களை வைத்துக்கொண்டு சட்டத்தின் சலுகையைப் பெறுவது நாடாளுமன்றம் எண்ணியதல்ல என்பது அவர்கள் கருத்து. 1896 நவம்பரில் பிரபுக்கள் அவை இரண்டையும் ஒருமனதாகப் புரட்டிப் போட்டது. சட்டம் ஏழு உறுப்பினர் என்றது. ஏழு பேர் இருந்தார்கள். அவர்கள் உறவினரா, ஒரே ஒரு பங்குதான் வைத்திருந்தார்களா என்று கேட்கச் சட்டத்தில் இடமில்லை. முறைப்படி பதிவான நிறுமம் அதன் உறுப்பினரிலிருந்து வேறுபட்ட தனி ஆள். அதன் கடன் அதனுடையது.

பெரும்பாலான குறிப்புகள் இத்தோடு நின்றுவிடும். ஆனால் பிரபு மெக்னாட்டன் தன் தீர்ப்புரையில் மேலும் ஒன்று சொன்னார். கலைப்பின்போது கடனீட்டுப் பத்திரதாரர் வந்து எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு போவது ஒரு பெரும் அவக்கேடு என்றும், சரக்குக் கொடுத்த சாதாரண வணிகருக்குச் சிறிது முன்னுரிமை இருக்க வேண்டும் என்பது தன் நெடுநாள் கருத்து என்றும், ஆனால் சட்டம் அப்படி இல்லை என்றும் குறிப்பிட்டார். தீர்ப்பு எழுதிய கையே அதன் புண்ணையும் சுட்டிக்காட்டியது. 1897-இல் வந்த சட்டத்திருத்தம் தொழிலாளரின் கூலிப் பாக்கிக்கு மிதவைப் பிணையத்தைவிட முன்னுரிமை தந்தது. மிதவைப் பிணையம் என்பது குறிப்பிட்ட பொருள்மீது நிற்காமல், வந்துபோகும் சரக்கு உட்பட நிறுமத்தின் சொத்து முழுவதன் மீதும் மிதக்கும் ஈடு. சரக்குக் கொடுத்தவருக்கோ நூறாண்டுக்கு மேலாயிற்று. 2002ஆம் ஆண்டின் தொழில்முனைவுச் சட்டத்தில்தான் மிதவைப் பிணையச் சொத்தில் ஒரு பகுதி ஈடில்லாக் கடனீந்தோருக்கென ஒதுக்கப்பட்டது.

சாலமன் விதி இருமுனைக் கத்தி. அயர்லாந்தில் மக்கௌரா என்பவர் தன் மரக்கட்டைகளைத் தன் நிறுமத்துக்கு விற்றுவிட்டு, காப்பீட்டை மட்டும் தன் பெயரில் எடுத்திருந்தார். மரம் தீயில் எரிந்தது. மரம் நிறுமத்துடையது, உமக்கு அதில் காப்புரிமை இல்லை என்று 1925-இல் தீர்ப்பாயிற்று. எல்லாப் பங்குகளுக்கும் சொந்தக்காரராக இருந்தும் பயனில்லை. நியூசிலாந்தில் லீ என்ற விமானி, 3,000 பங்குகளில் 2,999-ஐ வைத்திருந்த தன் சொந்த நிறுமத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்து, வயல்களுக்கு வானிலிருந்து உரம் தூவும்போது விபத்தில் இறந்தார். தனக்குத்தானே ஒருவர் வேலைக்காரராக இருக்க முடியுமா? நிறுமம் வேறு, லீ வேறு; ஆகவே அவர் தொழிலாளியே என்று 1960-இல் பிரிவி கவுன்சில் சொன்னது. அவருடைய மனைவிக்கு இழப்பீடு கிடைத்தது. ஒரே விதி ஒருவரைக் கைவிட்டது, ஒரு கைம்பெண்ணைக் காத்தது.

கணக்கும் இயக்குநரும்

இருபதாம் நூற்றாண்டின் சட்டங்களைச் சுருக்கமாகக் கடந்துவிடலாம். 1907-இல் தனி நிறுமம் என்ற வகை சட்டத்தில் இடம்பெற்றது. 1931-இல் ராயல் மெயில் கப்பல் நிறுமத்தின் தலைவர் பிரபு கில்சன்ட், பொய்யான தகவலறிக்கை வெளியிட்டதற்காகச் சிறை சென்றார். நட்டத்தை மறைவான காப்புநிதியால் மூடி இலாபம் போலக் காட்டும் பழக்கம் அந்த வழக்கில் அம்பலமானது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் குழுமக் கணக்குகளைக் கட்டாயமாக்கியது. சாதாரணத் தீர்மானத்தாலேயே இயக்குநரை நீக்கப் பங்குதாரருக்கு அதிகாரம் தந்தது. பெரும்பான்மையால் ஒடுக்கப்படும் சிறுபான்மைப் பங்குதாரர் நீதிமன்றம் செல்லவும் வழி வைத்தது. 1843-இன் ஃபாஸ்-ஹார்பாட்டில் வழக்கிலிருந்து கோலோச்சிய பெரும்பான்மை விதிக்கு இது ஒரு கடிவாளம்.

இந்தியாவிலும் இலங்கையிலும்

இந்தியாவில் கூட்டுப் பங்கு நிறுமங்களைப் பதிவு செய்யும் முதல் சட்டம் 1850-இல் வந்தது. 1857-இல் வரையறுத்த பொறுப்பு வந்தது; இங்கிலாந்தைப் போலவே வங்கிகளும் காப்பீடும் முதலில் விலக்கப்பட்டன. 1866, 1882, 1913 என்று லண்டனில் சட்டம் மாறியதைத் தொடர்ந்து இங்கும் மாறியது. எனினும் இந்திய நீதிமன்றங்கள் வெறுமனே படியெடுக்கவில்லை. அசாமின் கொண்டோலி தேயிலைத் தோட்ட வழக்கில், நிறுமத்துக்குத் தோட்டத்தை விற்றவர்களே அதன் பங்குதாரர்களும் ஆவர். நமக்கு நாமே மாற்றிக்கொண்டதற்கு ஏன் முழு வரி என்று கேட்டனர். நிறுமம் தனி ஆள், ஆகவே இது விற்பனையே என்று கல்கத்தா உயர்நீதிமன்றம் 1886-இல் தீர்ப்பளித்தது. சாலமன் தீர்ப்புக்குப் பத்தாண்டு முந்தியது இது.

தமிழ்நாட்டில் 1906 அக்டோபர் மாதத்தின் ஒரே வாரத்தில் நடந்த இரு நிகழ்ச்சிகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். அக்டோபர் 16 அன்று, 1882ஆம் ஆண்டு இந்திய நிறுமச் சட்டத்தின்கீழ் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவாயிற்று. முதல் 10 இலட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவர், வ.உ.சிதம்பரம்பிள்ளை உதவிச் செயலாளர், இயக்கிய உயிர்மூச்சும் அவரே. தூத்துக்குடி-கொழும்பு வழியில் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி செலுத்திய ஆதிக்கத்தை உடைப்பதே நோக்கம். பங்கின் விலை 25 ரூபாயாகப் பிரிக்கப்பட்டதைக் கவனிக்க வேண்டும். சிறு வணிகரும் ஒரு பங்கு எடுக்கலாம். கப்பல் தொழில் கவிழ்ந்தாலும் வீடு போகாது. உழைப்பாளியும் முதலீடு செய்யலாம் என்று மில் தரப்பினர் இங்கிலாந்தில் வாதிட்ட கருவி, இங்கே ஆங்கிலேயர் வணிகத்துக்கு எதிராகவே எடுக்கப்பட்டது. காலியா, லாவோ என்ற இரு கப்பல்கள் ஓடின. போட்டிக் கம்பெனியின் கட்டணக் குறைப்பும், 1908-இல் வ.உ.சி. சிறைப்பட்டதும் சங்கத்தை ஒடித்தன. 1911-இல் அது கலைக்கப்பட்டது.

பதிவுக்கு ஆறு நாள் கழித்து, அக்டோபர் 22 அன்று, சென்னையின் புகழ்பெற்ற ஆர்பத்நாட் வங்கி கதவடைத்தது. ஓய்வூதியக்காரர், கைம்பெண்கள், கோயில் அறக்கட்டளைகள் என்று ஆயிரக்கணக்கானோரின் சேமிப்பு அதில் இருந்தது. ஆர்பத்நாட் லிமிடெட் நிறுமம் அல்ல. பழைய வகைக் கூட்டாண்மை. கூட்டாளிகளின் பொறுப்புக்கு எல்லையே இல்லை. அப்படியிருந்தும் வைப்பாளருக்குத் திரும்பியது சிறு பகுதிதான். எல்லையற்ற பொறுப்பு என்று ஏட்டில் எழுதியிருந்தாலும், பொறுப்பேற்றவரின் பெட்டியில் இருப்பதற்கு எல்லை உண்டல்லவா? கூட்டாளிகளில் ஒருவரான மக்ஃபேடியன் லண்டனில் தற்கொலை செய்துகொண்டார். சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் 18 மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார். வைப்பாளருக்காக வழக்காடிய வி.கிருஷ்ணசுவாமி ஐயரும் மற்றவர்களும் முயன்று 1907-இல் இந்தியன் வங்கியைத் தொடங்கினர். அது லிமிடெட் நிறுமமாகவே பதிவாயிற்று.

இலங்கையில் 1861ஆம் ஆண்டின் 4ஆம் எண் கட்டளைச் சட்டம் ஆங்கில முறையைக் கொண்டுவந்தது. பொதுச் சட்டம் ரோமன்-டச்சு மரபைச் சேர்ந்ததாக இருந்தும் கம்பனிச் சட்டம் மட்டும் ஆங்கில மரபிலேயே வளர்ந்தது. மலையகத் தோட்டங்களில் லண்டனில் பதிவானவை ஸ்டெர்லிங் கம்பனிகள், கொழும்பில் பதிவானவை ரூபாய்க் கம்பனிகள் என்று அழைக்கப்பட்டன. தமிழகத்திலிருந்து போன தொழிலாளர் பலருக்கு முதலாளி என்பவர் கண்ணால் கண்டிராத லண்டன் பதிவுப் பெயர் ஒன்றே. அவர்கள் கண்டது துரையையும் கங்காணியையும். 1975-இன் காணிச் சீர்திருத்தம் அந்தத் தோட்டங்களை அரசுடைமையாக்கியது. 1938, 1982ஆம் ஆண்டுச் சட்டங்களுக்குப் பின் இன்று நடைமுறையில் இருப்பது 2007ஆம் ஆண்டின் 7ஆம் எண் கம்பனிகள் சட்டம்.

விடுதலைக்குப் பின் பாபா குழுவின் பரிந்துரைப்படி வந்த இந்தியாவின் 1956ஆம் ஆண்டு நிறுமச் சட்டத்தில் ஆங்கிலேயரின் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் சாயல் தெளிவாகத் தெரியும். பிரிந்து சென்ற இடங்களும் உண்டு. பல நிறுமங்களை ஒரே வணிக இல்லம் ஒப்பந்தத்தின் பேரில் நடத்திய நிர்வாக முகவர் முறை இந்தியாவில் செழித்தது. 1970-இல் அது ஒழிக்கப்பட்டது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் பெரிய நிறுமங்களுக்குச் சமூகப் பொறுப்புச் செலவை விதித்தது. இது ஆங்கிலச் சட்டத்தில் இல்லாதது.

இன்றைய நிலை

ஐக்கிய இராச்சியத்தின் 2006ஆம் ஆண்டு நிறுமச் சட்டம் 1,300 பிரிவுகளைக் கொண்டது. 172ஆம் பிரிவின்படி இயக்குநர் பங்குதாரர் நலனுக்காக நிறுமத்தை வளர்க்க வேண்டும்; அப்போது ஊழியர், சரக்குத் தருவோர், சுற்றுச்சூழல் ஆகியவற்றையும் கருத்தில் கொள்ள வேண்டும். கருத்தில் கொள்ளாவிட்டால் ஊழியரே நேரடியாக வழக்குத் தொடுக்க அப்பிரிவு வழி சொல்லவில்லை. நொடிப்பு தவிர்க்க முடியாதது என்று தெரிந்தும் தொடர்ந்து கடன் வாங்கிய இயக்குநர் சொந்தப் பணத்திலிருந்து ஈடுகட்ட நேரலாம் என்று 1986ஆம் ஆண்டு நொடிப்புச் சட்டம் கூறுகிறது.

சாலமன் விதி இன்று கடினமான சோதனையைச் சந்திப்பது குழுமங்களில்தான். சாலமனுக்குப் பின்னால் நின்றது ஒரு குடும்பம். இன்று ஒரு நிறுமத்துக்குப் பின்னால் மற்றொரு நிறுமம், அதற்குப் பின்னால் இன்னொன்று என்று பல நாடுகளில் சங்கிலி நீள்கிறது. 1990-இல் கேப் இண்டஸ்ட்ரீஸ் வழக்கில், கல்நார்த் தூசியால் நோயுற்ற அமெரிக்கத் தொழிலாளர் அங்கு பெற்ற தீர்ப்பை இங்கிலாந்துத் தாய் நிறுமத்தின் மீது நிறைவேற்ற முடியவில்லை. துணை நிறுமம் தனி ஆள் என்ற திரை விலகவில்லை. 2012-இல் சாண்ட்லர் வழக்கில் அதே கேப் நிறுமம், துணை நிறுமத்தின் தொழிலாளிக்குத் தானே நேரடியாகக் கவனக் கடமை கொண்டிருந்தது என்று தீர்ப்பாயிற்று. திரையை விலக்காமலேயே, தாய் நிறுமத்தின் சொந்தச் செயலைக் கேள்வி கேட்கும் வழி இது. தூத்துக்குடி தாமிர ஆலையால் தமிழர் அறிந்த வேதாந்தா குழுமத்தின் லண்டன் தாய் நிறுமத்தின் மீது, சாம்பியா நாட்டுக் கிராம மக்கள் தொடுத்த சுரங்க மாசு வழக்கை இங்கிலாந்திலேயே விசாரிக்கலாம் என்று 2019-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் அனுமதித்தது. மாசு பற்றிய தீர்ப்பு அல்ல அது. வழக்குக் கேட்கப்படலாம் என்ற அளவிலானது.

கலைப்பின்போது யாருக்கு முதலில் என்ற வரிசையில் இந்தியா வேறு விடை தேர்ந்துள்ளது. 2016ஆம் ஆண்டு நொடிப்பு, திவால் தொகுப்புச் சட்டத்தின் 53ஆம் பிரிவின்படி, கலைப்புச் செலவுகளுக்கு அடுத்தபடியாக, தொழிலாளரின் கடைசி 24 மாதப் பாக்கி, ஈடு பெற்ற கடனீந்தோருக்குச் சமநிலையில் நிற்கிறது. சரக்குக் கொடுத்த சிறு வணிகர் அந்த வரிசையில் இன்னும் கீழேதான் இருக்கிறார்.